இல்லாத பொத்தையின் நிழல்

ஆவுடையப்பனின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்திக்கு விரித்த ஜமுக்காளங்களை வாடகைக் கடைக்காரர் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், ஊருக்கு மேற்கே இப்போது வெறும் பள்ளமாகக் கிடக்கிற கூகைப் பொத்தையின் நிழல், பொத்தை இருந்த காலத்தில் எப்படி எழுந்து வருமோ அப்படியே எழுந்து, கிரஷர் ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டை மூடி, பஜாரை மூடி, பள்ளிக்கூடத்தை மூடி, கூகைக்குளம் என்கிற அந்த ஊரின் மேல் வந்து படுத்துக்கொண்டது.

பொத்தை என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் ஒற்றைக் குன்று. மேற்கே நீண்டு கிடக்கும் பெரிய மலையோடு கோபித்துக்கொண்டு தனியாக வந்து உட்கார்ந்த மாதிரி வயல்களுக்கு நடுவே நிற்கும். கூகைப் பொத்தையை சொர்ணவேல் குவாரிக்காக உடைத்து, அரைத்து, லாரியில் ஏற்றி, ஊர் ஊராக அனுப்பி, அது எங்கெங்கோ பாலமாகவும் மாடியாகவும் ஆகி முடிந்துவிட்டது. பொத்தை போன பிறகு கூகைக்குளத்தில் சாயங்காலம் என்று ஒன்று இல்லை. சூரியன் அடிவானம் வரை உரித்த தோலோடு வந்து ஊரைச் சுட்டுவிட்டுத்தான் இறங்கும்.

அப்படிப்பட்ட ஊரில் நிழல் திரும்பி வந்தபோது யாரும் அலறவில்லை, யாரும் மண்ணில் விழுந்து கும்பிடவில்லை. காய்கறிக்காரிகள் தலைக்கு மேலே கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தார்கள். டீக்கடை செய்யது பாய் உள்ளே கிடந்த பெஞ்சை இழுத்து வெளியே போட்டார்.

"என்ன பாய், வெயில் தாந்துட்டா?"

"பொத்தை நெழலு வந்துட்டுல்லா."

"ஆமா, வந்துட்டு. சீனி கம்மியா ஒரு டீ போடும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நிழலின் நுனி பஜாரைக் கடந்து கிழக்கே நகர்ந்தபோதுதான், அந்த நுனியில், முன்பு கூகைகள் உட்காரும் உச்சிப்பாறை இருந்த இடத்தில், முழங்காலில் ஒரு பலகையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷ நிழலைப் பார்த்தார்கள். கூன் விழுந்த முதுகு, காதுக்கு மேல் செருகிய பென்சில், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, எல்லாம் தார் ரோட்டில் தெளிவாக விழுந்திருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அவர் பேரைச் சொல்லி இலையில் பாயசம் ஊற்றிக் குடித்துவிட்டு வந்திருந்த ஊர், பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டது.

"டிராயிங் சாரு."

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மை ஓடிவந்து சொன்னபோது உலகம்மாள் பின்கட்டில் பந்தி எச்சிலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். "மைனி, அண்ணாச்சி வந்திருக்காவ. நம்ம தெருவுல. ரோட்டு மேல இருக்காவ, வந்து பாருங்க" என்றாள் பேச்சியம்மை. உலகம்மாள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். நிழல் அவள் வீட்டு நடையை ஒட்டி, தலையை நிமிர்த்தாமல், மும்முரமாக எதையோ வரைந்தபடி, மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. புருஷனை இழந்து பதினாறு நாளில் கண்ணீர் முழுதும் வற்றிப்போயிருந்த அந்த அம்மாளுக்கு, அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது கோபம்தான்.

"செத்தும் அங்கதான் போய் உக்காந்திருக்காவளா?" என்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் கோபத்துக்கு வயது அதிகம். ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிற பிறவி. வகுப்பை எப்போதும் வேப்பமரத்தடிக்கோ குளத்துக் கரைக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஹெட்மாஸ்டர் மெமோ கொடுத்தால் மெமோவின் பின்பக்கத்தில் ஹெட்மாஸ்டரின் மூக்கை வரைந்து திருப்பிக் கொடுப்பார். மணி அடித்ததும் மற்ற வாத்தியார்கள் வீட்டுக்குப் போவார்கள், இவர் பொத்தைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். மழை பெய்தால் குடையில்லாமல் போவார், ஏனென்றால் மழையில் பாறைக்கு வேறு நிறமாம். காலெண்டர் அட்டையின் பின்னால், கல்யாணப் பத்திரிகையின் பின்னால், பள்ளியில் கழித்துப் போட்ட தேசப்படத்தின் பின்னால், எங்கே வெள்ளை கிடைத்தாலும் அதில் கூகைப் பொத்தையை வரைந்தார். காலைப் பொத்தை, கோடைப் பொத்தை, மேகம் தலையில் உட்கார்ந்த பொத்தை, தீப்பிடித்து எரிந்து கரிந்த பொத்தை, கரிந்த இடத்தில் முதல் புல் முளைத்த பொத்தை. செம்மண்ணையும் காவிக்கல்லையும் வெப்பாலை இலையையும் இடித்து அம்மியில் அரைத்துச் சாயம் எடுப்பார்; அன்று உலகம்மாள் அரைக்கிற சட்னி பச்சையாகவோ சிவப்பாகவோ வரும். வீட்டுக்கு வரும்போது காலில் முள், சட்டையில் ஒட்டுப்புல், பையில் இலந்தைப் பழம், வாயில் ஒரு செம்போத்தின் குரல். இதெல்லாம் கேட்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் உலகம்மாள்.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வீட்டுல இருங்களேன்" என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சொர்ணவேல் வந்தான். வெளியூர்க்காரன் இல்லை, ஆவுடையப்பனிடம் படம் வரையப் படித்தவன்தான். அவன் வரைந்த வாழைப்பழம் எப்போதும் பூசணிக்காய் மாதிரி இருக்கும். அரசாங்கத்தில் பொத்தையைக் குத்தகைக்கு எடுத்தான். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடத்த வேண்டும் என்பது சட்டம். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, எல்லாருக்கும் பிரியாணி என்று சொல்லிவிட்டான். ஆவுடையப்பன் முந்தின நாளே போய், தான் அதுவரை வரைந்த பொத்தைகளில் நல்லதாக எடுத்து மண்டபத்துச் சுவர் முழுக்க ஒட்டிவைத்தார். ஜனங்கள் பார்த்தால் போதும் என்று நினைத்தார் அந்த மனுஷன். பார்த்தால் மனசு மாறிவிடும் என்று. உலகம்மாள் மண்டபத்துக்குப் போயிருந்தாள். அவள் கண்ணால் பார்த்தது இது: பிரியாணி தின்று முடித்த ஊர், கை கழுவத் தண்ணீர் வரவில்லை என்றதும், சுவரில் எட்டின படங்களைக் கிழித்துக் கை துடைத்தது. கூகைப் பொத்தையின் உச்சியில் எண்ணெய் விரல்கள். ஓடைச் சரிவில் மசாலா. அவர் எழுந்து பேசப்போனபோது மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமல் பேசியபோது, அவரிடமே படித்த ஒருவன், "பொத்தைக்கே தாலி கட்டிருங்க சார்" என்று கத்த, மண்டபமே சிரித்தது. செய்யது பாய் சிரித்தார். பேச்சியம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். யாருக்கெல்லாம் சம்மதம் என்று அதிகாரி கேட்டதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு கை உயரவில்லை. இரண்டு கை என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உலகம்மாளும் கையைத் தூக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அவள் புருஷன் உள்பட.

வெடி வைக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குத் தெரியாத மேற்குப் புறத்திலிருந்து தின்றுகொண்டு வந்தார்கள், அதனால் ரொம்ப நாள் பொத்தை முழுசாக இருப்பதாகவே ஊர் நினைத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் உச்சி சரிந்தது. ஆவுடையப்பன் குளத்துக் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாயங்காலமும் மிச்சமிருந்ததை வரைந்தார். காகிதத்தில் பொத்தை தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் வானத்தை வரைந்துகொண்டு வந்து காட்டினார். அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்தார். நாளெல்லாம் உட்கார்ந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கொடுத்ததைத் தின்றார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, வெறும் விரலால் தொடையில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். வெயிலும் காற்றும் தின்று வளர்ந்த உடம்பு, நிழலில் வைத்த செடி மாதிரி வெளுத்து, தண்டு மெலிந்து, ஒரு ஆடி மாதத்துப் பகலில், வெளியே காற்று மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்க, உள்ளே அடங்கிப் போனது.

கல்யாணமான நாள் முதல் உலகம்மாள் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்தது. வீட்டில் இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போலிருக்கும். யார் தலையில் போடலாம் என்று மட்டும் தெரியாது.

இப்போது அவர் நிழல் தினமும் வந்தது. ஊர் தன் வேலைகளையெல்லாம் அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பை நிழல் வரும் நேரத்துக்குத் தள்ளினார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் தட்டுகளோடு தெருவுக்கு வந்தார்கள். வடகம் காயப்போட்டவர்கள் மட்டும், "சாரு கொஞ்சம் பிந்தி வந்தா என்ன" என்று சலித்துக்கொண்டார்கள். கல்யாணப் போட்டோக்காரன், மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிழலின் நுனியில் நிறுத்தி, சார் அவர்களை வரைவது மாதிரி படம் எடுக்கக் கற்றுக்கொண்டான். கைக்குழந்தைக்கு உஷ்ணம் தங்கியிருந்தால் சாரின் தண்ணீர்ச் செம்பு நிழல் கடந்து போகும் இடத்தில் கிடத்தினார்கள், சரியானது என்றும் சொன்னார்கள். சாலையில் அவர் வந்தால் மாட்டுவண்டியும் மினிபஸ்ஸும் ஒதுங்கி நின்று வழிவிட்டன. உயிரோடு இருந்தபோது அவர் சைக்கிளுக்கு யாரும் ஒதுங்கியதில்லை. "சாரு நமக்குக் குடுத்த வரம்" என்று பேசிக்கொண்டார்கள். வீடுதோறும் அவரைப் பற்றிக் கதை கிளம்பியது. என்னை அவர் ஒரு நாள் தட்டிக்கொடுத்தார், எனக்கு அவர் ஒரு கிளி வரைந்து தந்தார், அப்பவே எனக்குத் தெரியும் அவர் சாதாரண மனுஷன் இல்லை என்று. கை துடைத்த கதையை யாரும் சொல்லவில்லை.

உலகம்மாள் மட்டும் அந்த நிழலில் காலை வைக்கவில்லை. நிழல் வருவதற்குள் தண்ணீர் பிடித்து, சாமான் வாங்கி, வீட்டுக்குள் போய்விடுவாள். அவள் தெருவுக்கு அது வரும்போது ஜன்னலைச் சாத்துவாள். "மைனி, ஒரு தடவ வந்து நின்னு பாருங்க, எவ்வளவு குளிச்சி தெரியுமா" என்று பேச்சியம்மை கூப்பிட்டபோது, உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்: "நீ நில்லுட்டி. நல்லா நில்லு. அன்னைக்கு சிரிச்ச சிரிப்புக்கு உனக்குக் குளிச்சியாத்தான் இருக்கும்."

பேச்சியம்மை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

வடக்கே ஊர்ப் பொட்டலில் பிளக்ஸ் போர்டுகள் முளைத்தன. மலை நிழல் நகர் என்று பெரிய எழுத்து, மனைகள் விற்பனைக்கு, கீழே ஆவுடையப்பனின் சிரித்த முகம், பள்ளி குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து. அதற்குப் பக்கத்தில் இரு கைகூப்பி சொர்ணவேல். பொத்தையைக் குத்தகைக்கு எடுத்தவன் தானென்பதால் பொத்தையின் நிழலும் தன்னுடையதுதான் என்று அவன் சொன்னபோது, ஊர் அதையும் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை அவன் பழத்தட்டோடு உலகம்மாள் வீட்டுக்கு வந்தான்.

"சாருக்கு ஒரு மணிமண்டபம் கெட்டுதேன், மைனி. ஏ.சி. போட்டு. அவரு வரஞ்ச படமெல்லாம் உங்கட்ட இருக்குமே, அத ஃப்ரேம் போட்டு வச்சிருவோம். சாகாவரம்லா அது."

"மண்டபமா? அந்த மனுஷன் மண்டபத்துக்குள்ள இருப்பாவளா?"

"உங்களுக்கு எம்மேல வருத்தம் இருக்குன்னு தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் பொத்தைய எடுக்கலேன்னா சாருக்கு இந்தப் பேரு வருமா? ஊரே கும்பிடுதுல்லா."

உலகம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் சிரித்த முகம் மாறாமல், வந்த உண்மையான காரியத்தைச் சொன்னான். வருகிற புதன்கிழமை இன்னொரு கருத்துக் கேட்புக் கூட்டம். வடக்கே நிற்கிற சின்னப் பொத்தைக்கு. "ஊருல ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்ல. நீங்க மேடையில வந்து உக்காந்தாப் போதும். பெரிய பொத்தை போயும் நெழலு நிக்குது. சின்னப் பொத்தை போனா மட்டும் நிக்காமலா போயிரும்? எப்பிடியும் நெழலு வரத்தான போவுது, பொறவு கல்லு எதுக்கு நிக்கணும்? வீணால்லா நிக்குது."

அதைத்தான் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்கு அப்புறம் தெரிந்தது. டீக்கடையில், ரேஷன் வரிசையில், கோயில் பிரகாரத்தில், மிக நிதானமாக, அனுபவப்பட்டவர்களின் நிம்மதியோடு: மலை போனாலும் நிழல் நிற்கும், நாம் பார்த்ததுதானே. தன் புருஷன் செத்துக் கொடுத்ததை, அடுத்த பொத்தையைக் கொல்ல ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விளங்கியபோது, உலகம்மாளுக்கு இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை எங்கே போடுவது என்று தெரிந்துவிட்டது. பழத்தட்டைத் தெருவில் வீசவில்லை. எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"புதன்கிழமை வருதேன்" என்றாள். "மேடைக்கெல்லாம் வேண்டாம். கீழ இருந்துக்கிடுதேன்."

இந்த முறை மண்டபம் தேவைப்படவில்லை. பள்ளி மைதானத்திலேயே, நிழல் வருகிற நேரமாகப் பார்த்துக் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஆவுடையப்பன் படத்துக்கு மாலை. அதிகாரி விவரங்களை வாசித்தார். சொர்ணவேல் பேசினான். சாரிடம் தான் வாழைப்பழம் வரையக் கற்றதை, சார் ஊருக்காக வாழ்ந்ததை, சார் இன்றும் நம்மோடு இருப்பதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. மெய்யாகவே கலங்கியது, அதுதான் உலகம்மாளுக்கு ஆறவே இல்லை. அவன் முடிக்கும்போது மேற்கேயிருந்து நிழல் வந்து மைதானத்தை மூடியது. கூட்டம் ஒரே மூச்சாக ஆசுவாசப்பட்டது. யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

உலகம்மாள் எழுந்தாள். அவள் நேரே மைக்குக்குப் போகவில்லை; நின்ற இடத்திலிருந்தே பேசினாள். புருஷன் பேசும்போது அணைத்த மைக்கைத் தான் தொடுவதாக இல்லை.

"சாரு ஊருக்காகச் செத்தாவன்னு சொல்லுதீங்க. ஊருக்காகச் சாகல. நீங்க கொன்னீங்க. படத்தக் கிழிச்சுக் கையத் தொடச்சது யாரு யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அவுங்கவுங்க கையப் பாத்துக்கிடுங்க. வீட்டுல இருங்க வீட்டுல இருங்கன்னு ஆயுசு பூராவும் அவியட்ட கெஞ்சினேன். நீங்க இருக்க வச்சீங்க. சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்க வச்சீங்க."

"மைனி, பழசெல்லாம் எதுக்கு..." என்று சொர்ணவேல் எழுந்தான்.

"உக்காருல, ஒன்னட்ட நான் பேசல."

அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கே ஏனென்று தெரியவில்லை.

"மலை போனாலும் நெழலு வருமாம்ல. சரி. ஒரு பொத்தைக்கு நெழலு வர ஒரு ஆளு செத்தாச்சு. அடுத்த பொத்தைக்கு யாரு சாகப் போறீங்க? கையத் தூக்குங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், சிரிப்புக்காகத்தான், "ஊருல கெழடு கட்டைக்கா பஞ்சம்" என்றான். சிலர் சிரித்தார்கள். ஆனால் கிழவர்கள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகன் தன்னை ஒரு விநாடி யோசனையோடு பார்த்ததை ஒவ்வொரு கிழவரும் பார்த்துவிட்டிருந்தார்.

"சும்மா செத்தா வராது" என்றாள் உலகம்மாள். "தெனமும் ஊருல சாவு விழுது, எத்தன நெழலு வந்துச்சு? அந்தப் பொத்தையத் தன் உசிரா நெனச்சவன் சாகணும். அதுல எத்தன சொனை, எந்தப் பொந்துல கூகை குஞ்சு பொரிக்கும்னு தெரிஞ்சவன் சாகணும். சின்னப் பொத்தைய அப்பிடிப் பாத்தவன் உங்கள்ல யாரு? சொர்ணவேலு, நீயா? பாய், நீங்களா? ஒரு ஆளு வேணும். ஒரே ஆளு. இருக்கா?"

அப்போதுதான் அந்த ஊர், எதையும் ஆச்சரியமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகிய அந்த ஊர், இதையும் ஒரு காரியமாக எடுத்துக்கொண்டு யோசித்தது. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப் பொத்தையில் யார் ஏறியிருக்கிறார்கள்? அதன் மறுபக்கம் எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியவில்லை. தங்கள் ஊர் முழுக்க, எதன் நிழலையும் திருப்பிக் கொண்டுவரத் தகுதியுள்ள ஒரு மனுஷன் இல்லை என்பது, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில், மெல்ல, அவமானமாக விளங்கியது. கடைசியில் எல்லாக் கண்ணும் மைதானத்து மூலையில் கம்பை ஊன்றிக் குத்த வைத்திருந்த கொம்பையாவின் மேல் போய் நின்றன. கொம்பையா சின்னப் பொத்தையில் ஆடு மேய்க்கிறவர். ஆயுசெல்லாம் அங்கேதான் மேய்த்தார்.

கொம்பையா கம்பைப் பிடித்து எழுந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன, எல்லாரும் என்னையப் பாக்குதீங்க? நான் சாக மாட்டேன்வே" என்றார். "அது நம்ம பொத்தைல்லா. அதுல மேக்க ஒரு குகை இருக்கு, மழைக்கு நானும் ஆடும் ஒண்டிக்கிடுவோம். அதையும் எடுத்துக்கிட்டு என்னையும் சாவச் சொல்லுதீங்களா? சாக மாட்டேன். பொத்தையக் குடுக்கவும் மாட்டேன்."

"நானும் மாட்டேன்" என்றது ஒரு கிழவரின் குரல். மகனை முறைத்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பாவும் மாட்டாரு" என்று இன்னொரு பக்கம் ஒரு மகள் எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக, அதட்டலாக, அழுகையாக, பயத்தில் பாதியும் வெட்கத்தில் பாதியுமாக மாட்டேன் மாட்டேன் என்ற சத்தம் மைதானத்தில் எழுந்து சுற்றியது. செய்யது பாய் எழுந்து நின்று தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அதிகாரி கொஞ்ச நேரம் திகைத்து, ஊரார் ஆட்சேபம் என்று எழுதிக்கொண்டார்.

சின்னப் பொத்தை இன்றும் நிற்கிறது. சொர்ணவேல் கோர்ட்டுக்குப் போனான், மந்திரி வீட்டுக்குப் போனான், இன்னமும் போய்க்கொண்டிருக்கிறான். ஊரும் ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, சில முறை உரக்க, சில முறை முணுமுணுப்பாக. அதெல்லாம் பிற்பாடு. அன்று உலகம்மாள் கூட்டம் முடியும் வரை நிற்கவில்லை. கொம்பையா பேசும்போதே அவள் கிளம்பிவிட்டாள். கோபம் அவளுக்குத் தீர்ந்திருக்கவில்லை. ஊரின் பங்கைத்தான் ஊரிடம் கொடுத்திருந்தாள். இன்னொரு பங்கு மிச்சம் இருந்தது.

நிழலின் நுனி அப்போது மைதானத்தின் கிழக்கு வாசலைக் கடந்துகொண்டிருந்தது. அவள் முதன்முதலாகத் தானே நிழலின் பின்னால் நடந்து, அவர் குனிந்து வரைந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன வரையுதீங்க?" என்றாள். "இல்லாத மலையில உக்காந்துக்கிட்டு என்னத்த வரையுதீங்க? கையத் தொடச்சவனுக்கெல்லாம் நெழலு குடுக்கீங்களே, வெக்கமா இல்ல?"

நிழல் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். பஞ்சாயத்து ஆபீஸைத் தாண்டி, நெல் அரவை மில்லைத் தாண்டி, தன் வீட்டு வாசலையும் நிற்காமல் தாண்டி, ரோட்டில் விழுந்த நிழலைப் பார்த்துச் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே நடந்தாள். மூடி வைத்த சோற்றுக்குத் திட்டினாள். நிறம் மாறின சட்னிக்குத் திட்டினாள். மண்டபத்தில் தானும் கை தூக்காததை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா என்று கேட்டுத் திட்டினாள். ஜனங்கள் வாசல்களில் வந்து நின்றார்கள், யாரும் குறுக்கே வரவில்லை. மினிபஸ் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. குளத்துக் கரை ஏறும்போது கோபத்தில் அவளுக்கு நீங்க என்பது நீரு என்று ஆகிவிட்டது.

"ஊரு பிள்ளையளையெல்லாம் பொத்தைக்குக் கூட்டிட்டுப் போனீரு. ஒரு நாளாவது, வாட்டி உலகம்மா, வந்து பாருன்னு கூப்பிட்டீரா? நான் என்ன வர மாட்டேன்னா சொன்னேன்? எனக்குக் காலு இல்லையா? மூச்சு இல்லையா? செத்ததுக்கு அப்புறமும் வாசல் வழியாத்தான் போறீரு, தலையத் தூக்கி ஒரு பார்வை பாத்தீரா?"

வரைந்துகொண்டிருந்த நிழல் பென்சிலைக் காதில் செருகியது. தலையைத் தூக்கியது. மேற்கே சூரியன் அடிவான விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, நிழல்கள் எல்லாம் கலைந்து இருட்டோடு சேர்ந்துகொள்ளும் நேரம்; அவரும் தினமும் செய்வது போலப் பலகையைக் கக்கத்தில் இடுக்கி, செம்பை எடுத்துக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்க போறீரு?" என்றாள் உலகம்மாள். மூச்சு வாங்கக் கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "நான் இன்னும் முடிக்கல. உக்காரும்."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். அன்று கூகைக்குளத்தில் பொழுது அடையவே இல்லை. மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பாமல் வழியில் நின்றன, விளக்கேற்ற வந்த பெண்கள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், சிவந்த சூரியன் விளிம்பில் அப்படியே தங்கியிருந்தது. குளத்துக் கரையில் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.